வீழ்வதற்கென்றே நின்ற மல்லன்

ஐப்பசித் திங்களில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலைப்பொழுதில், தென்மராட்சிக் கோயில் வீதியொன்றில் நின்று சூரன்போரைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முருகப் பெருமான் எழுந்தருளும் வாகனம் பெரும்பாலும் அமைதியாகவே அசையும். சூரனைச் சுமப்பவர்களோ ஓடுவார்கள், ஆடுவார்கள், முன்னே பாய்ந்து பின்னே வாங்குவார்கள்; வியர்வையில் நனைந்து தோள் கன்றிப் போவார்கள். தலை மாறித் தலை மாறி வரும் சூரன் மீதே சிறுவர்களின் கண்கள் எல்லாம் நிலைத்திருக்கும். வெற்றி யாருக்கு என்பது முன்னரே யாவரும் அறிந்தது. ஆயினும் சூரன் நன்றாக ஆடவில்லையென்றால் அவ்வாண்டுத் திருவிழா சோபிக்கவில்லை என்று மறுநாள் கொடிகாமத்துச் சந்தையில் பேசிக்கொள்வார்கள்.

தோற்பவன் சிறந்தாலன்றி வெல்பவன் சிறப்பதில்லை. இவ்வுண்மையைத் தன் வாழ்நாள் முழுவதும் தொழிலாகக் கொண்டு, ஆசியாவின் அரங்குகளில் நெடுங்காலம் சூரனாக நின்ற ஒரு மனிதனின் கதையையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். நம் பெற்றோரும் அவர்தம் பெற்றோரும் அவனைக் கிங்காங் என்ற பெயராலேயே அறிவர். அவனுக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் எமில் சாயா என்பதாகும்.

எமில் 1909ஆம் ஆண்டில் பிராசோ என்னும் நகரிற் பிறந்தான். மலைகள் சூழ்ந்த அந்நகர் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதி. முதலாம் உலகப் போரில் அப்பேரரசு சிதறியது. 1920ஆம் ஆண்டின் திரியனோன் உடன்படிக்கை பிராசோவை ருமேனியாவுக்கு உரியதாக்கிற்று. எமிலுக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, நாடு மட்டும் மாறிவிட்டது. பின்னாளில் ஊர் ஊராய்த் திரிந்த ஒருவனின் வாழ்வு இவ்வாறு தொடங்கியமை எண்ணத் தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் மூன்றாம் தசாப்தத்திலே மற்போர் உலகெங்கும் ஒரு புதிய வடிவம் கொண்டது. வல்லமையை அளக்கும் போட்டியாக இருந்தது, நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான நாடகமாக மாறியது. 1933இல் மெக்சிக்கோவிலே சல்வடோர் லுட்டெரோத் என்பவர் ஒரு மற்போர் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே முகமூடி அணிந்த மல்லர்கள் இரு வகுப்பினராயினர். ஒழுங்காகப் போர் புரிபவர் டெக்னிகோ. விதியை மீறி வஞ்சகம் செய்பவர் ரூடோ. சனங்கள் முன்னவரை வாழ்த்தினர், பின்னவரைத் தூற்றினர். ஆனால் இருவரையும் காணவே பணம் கொடுத்தனர். அதே 1933ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவிலிருந்து பெருங்குரங்கைப் பற்றிய கிங்காங் என்னும் திரைப்படம் வெளிவந்து உலகைக் கலக்கியது. அக்குரங்கின் பெயரே எமிலின் அரங்கப் பெயராயிற்று.

பெயருக்கேற்ற உடல் அவனுக்கு வாய்த்திருந்தது. உச்ச நிலையில் அவன் எடை 400 இறாத்தலைத் தொட்டது. அடர்ந்த தாடி, பருத்த கழுத்து, தூண் போன்ற கால்கள். ஒரு வேளை உணவில் அவன் தீர்க்கும் கோழிகளையும் முட்டைகளையும் பற்றி ஊருக்கொரு கணக்கு உலவிற்று. அக்கணக்குகளை அவனோ, போட்டிகளை நடத்தியவர்களோ மறுக்க முயன்றதாகத் தெரியவில்லை. அசுரனைப் பற்றிய கதை வளர வளர அரங்கின் வாயிலில் கூட்டமும் வளர்ந்தது.

1930களில் இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மற்போர் செய்த எமில், பின்னர் சிங்கப்பூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். அந்நகரில் நியூ வேல்ட், கிரேட் வேல்ட், ஹப்பி வேல்ட் என்ற மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. சீனரும் மலாயரும் தமிழரும் சீக்கியரும் ஒருங்கே கூடிய இடங்கள் அவை. நாடகக் கொட்டகையும் நடன மண்டபமும் உணவுக் கடைகளும் நிறைந்த அப்பூங்காக்களின் அரங்குகளிலே கிங்காங் இரவு தோறும் உறுமினான், மத்தியஸ்தரைத் தள்ளினான், கயிற்றில் சிக்கிய எதிரியை மிதித்தான். பல மொழி பேசிய அக்கூட்டம் அவனை வெறுப்பதிலே மட்டும் ஒரே மொழி பேசியது.

போர் முடிந்த பின் ஆசியாவின் நிலை மாறியது. நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. நேற்றுவரை ஆண்டவர் வெள்ளையர். அவரை வீழ்த்தும் காட்சியைக் காண மக்களின் கண்கள் ஏங்கின. போர்க்களத்தில் காணாத அக்காட்சியை மற்போர் அரங்கு காட்டிற்று. அதற்கு ஒரு வெள்ளை அரக்கன் வேண்டியிருந்தான். எமில் சாயா எந்த நாட்டையும் ஆண்டவன் அல்லன்; தன் சொந்த ஊரையே வரைபடத்தில் இழந்தவன். எனினும் அவன் தோலின் நிறமும் உடலின் பருமனும் அவ்வேடத்துக்குப் போதுமானவையாயின.

1947இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தார். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேல்டில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மற்போர் பயின்றார். அவரே தாராசிங். கிங்காங்கினும் ஏறத்தாழ இருபது வயது இளையவர், அழகர், அடக்கமுடையவர். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தியபோது ஆசியா தன் இராமனையும் இராவணனையும் கண்டுகொண்டது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இந்தியப் பெருநகர்களிலும், சென்னையிலுங்கூட, அவர்கள் மீண்டும் மீண்டும் மோதினர். தாராசிங், தம்மினும் மிகுந்த எடையுள்ள கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி எறிந்த காட்சி, காணாதவரும் கண்டதுபோற் கூறும் கதையாயிற்று.

இவ்விடத்தில் மற்போர்க் கலையின் மறைபொருள் ஒன்றை அறிதல் நலம். அத்துணை எடையுள்ள ஓர் உடலை அவ்வுடலுக்குரியவன் இசையாமல் எவராலும் தலைக்கு மேல் ஏந்துதல் அரிது. தூக்கப்படுபவன் தக்க கணத்தில் எழும்பிக் கொடுக்க வேண்டும். உடலை இறுக்கிச் சமநிலை காக்க வேண்டும். விழும்போது முதுகு முழுவதும் ஒருசேரத் தரையிற் படும்படி விழ வேண்டும். பிழைத்தால் கழுத்து முறியும். மற்றவனின் முதுகும் முறியும். தூக்கியவரின் வலிமையிலே ஐயமில்லை. எனினும் அக்கணத்தில் வெற்றி பெற்றவரின் உயிரும் புகழும் தோற்றவனின் தேர்ச்சியையே நம்பியிருந்தன. கூட்டம் ஒருவரையே வாழ்த்தியது, கலை இருவருடையது.

இந்தியாவுக்கு மட்டுமா அவன் சூரனானான்? 1955 நவம்பரில் யப்பான் சென்றான். அங்கே ரிக்கிடோசான் என்ற மல்லர் போரில் தோற்றுத் துவண்டிருந்த யப்பானியரின் நாயகராக விளங்கினார். கொரியாவிற் பிறந்த அவர் சூமோ அரங்கிலிருந்து வந்தவர். கிங்காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும் இணைந்து முதலில் ஆசிய இரட்டையர் பட்டத்தை வென்றனர். அப்போட்டியில் ரிக்கிடோசானுடன் இணைந்து நின்றவர் ஹரோல்ட் சகாட்டா. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பாரந்தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்ற அவரும் பின்னர் திரைப்படத்திலே வில்லனாகவே புகழடைந்தார். அடுத்த சில நாட்களில் ஆசியத் தனியர் பட்டப் போட்டியில் கிங்காங் ரிக்கிடோசானிடம் தோற்றான். யப்பானும் தன் அரக்கனை வீழ்த்தி மகிழ்ந்தது. நாயகர் நாட்டுக்கு நாடு வேறுபட்டனர், வீழ்ந்தவன் ஒருவனே.

காலம் செய்த விளையாட்டுக்கள் வேறும் உள. 1962இல் பம்பாயிலிருந்து கிங்காங் என்ற பெயரிலே ஓர் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. அதன் கதாநாயகர் தாராசிங். எதிரியின் பெயரே நாயகரைத் திரையுலகில் உயர்த்திற்று. பின்னர் 1987இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அவர் அனுமனாகத் தோன்றி இல்லந்தோறும் வணங்கப்பட்டார். ஒருவன் குரங்கின் பெயரைத் தாங்கி வெறுக்கப்பட்டான்; அவனை வென்றவர் குரங்கின் உருவைத் தாங்கி வழிபடப்பட்டார். 2012இல் தாராசிங் மறைந்தபோது, அவர் வரலாற்றை எழுதிய பலர் கிங்காங்கின் பெயரையும் உடன் எழுதினர். சூரனைச் சொல்லாமல் சம்ஹாரத்தைச் சொல்வது எங்ஙனம்?

ஆனால் எமில் அந்நாளைக் காணவில்லை. மோட்டார் விபத்தொன்றிற் பட்ட காயங்களின் விளைவாக 1970ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் உயிர் நீத்தான். அப்போது அவனுக்கு அறுபது வயதளவில் இருக்கும். ஆயிரம் முறை அரங்கில் விழுந்து ஆயிரம் முறை எழுந்தவன், ஒத்திகை இல்லாத ஒரு வீழ்ச்சியிலிருந்து எழவில்லை.

பிறர் வெறுப்பை வாங்கி உண்டு வாழ்தல் எளிய தொழிலன்று. நல்லவனாக நடிப்பவனுக்குக் கைதட்டலேனும் கூலியாகக் கிடைக்கும். தீயவனாக நடிப்பவனுக்கு வசையே புகழ். அவ்வசையை மனத்திற் கொள்ளாமல், மறுநாள் மீண்டும் வந்து விழுவதற்கு ஒருவகைத் துறவு வேண்டும். விடுதலை பெற்ற நாடுகளின் எளிய மக்கள் தாமும் வெல்லலாம் என்று ஓரிரவேனும் நம்பி வீடு திரும்பினர் என்றால், அந்நம்பிக்கைக்குத் தன் முதுகை விலையாகக் கொடுத்தவர்களுள் அவனும் ஒருவன்.

சூரன்போர் முடிந்ததும் நம்மவர் சூரனை வெறுத்து ஒதுக்கிவிடுவதில்லை. அவனே சேவலாகிக் கொடியிலும் மயிலாகி அடியிலும் இடம்பெற்றான் என்று நம் புராணம் கூறுகின்றது. தோற்றவனுக்கும் கோயிலில் இடங்கொடுத்த மரபு நம்முடையது. அம்மரபினராகிய நாம், அந்த ஹங்கேரிய மல்லனுக்கும் நினைவிலே ஓரிடம் கொடுத்தல் முறையேயாகும்.