பீப்பாயை அளந்த பெருமேதை

கோள்களின் பாதையைக் கண்டு சொன்னவர் கெப்ளர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே கெப்ளர் ஒரு வியாபாரியின் அளவு சரிதானா என்று பீப்பாயை ஆராய்ந்த கதை பலருக்குத் தெரியாது. அதையும் கேளுங்கள்.

ஜோகன்னஸ் கெப்ளர் 1571 டிசம்பர் 27-ஆம் நாள் ஜெர்மனியின் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். ஒருமுறை போனவர் திரும்பவே இல்லை. பிள்ளைப் பருவத்திலேயே பெரியம்மை கண்டு கண் பார்வையும் மங்கிப் போச்சு. ஆனாலும் 1577-இல் வால்வெள்ளி தோன்றியபோது, தாயார் கத்தரீனா அவரை ஒரு மேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். உதவித்தொகையில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1594-இல் கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியரானார். 1601-இல் பேரரசரின் கணிதராக உயர்ந்தார்.

1611-இல் மனைவியையும் ஆசை மகனையும் இழந்தார். மறு ஆண்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குப் போனார். 1613-இல் மறுமணம். புதுக் குடும்பத்துக்குத் திராட்சை மது பீப்பாய்களில் வந்து இறங்கியது. விற்றவர் என்ன செய்தார் தெரியுமா? பீப்பாயின் நடு வயிற்றுத் துளையில் ஒரு கோலைச் சாய்வாக விட்டு, எதிர்ப்பக்க அடி மூலையைத் தொட்டார். கோல் நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னார். நெட்டையோ குட்டையோ, எல்லாவற்றுக்கும் அதே கோல்தான். கெப்ளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது!

சந்தேகம் நியாயமானதே. கணக்கு எளிதாக இருக்க, பீப்பாயை நேர் உருளையாக வைத்துக்கொள்வோம். கோல் 50 செ.மீ. காட்டுகிறது. பீப்பாயின் நீளம் 60, விட்டம் 40 செ.மீ. என்றால் ஏறத்தாழ 75 லிட்டர் பிடிக்கும். நீளம் 80, விட்டம் 30 என்றாலும் கோல் அதே 50-தான் காட்டும். ஆனால் பிடிப்பதோ 57 லிட்டருக்கும் குறைவு! அளவில் ஏமாந்தால் வயிற்றில் அடி என்பது உழைக்கும் நமக்குத் தெரியாதா?

பக்கம் வளைந்த பாத்திரத்தை எப்படி அளப்பது? மெல்லிய துண்டுகளாக வெட்டியதாக எண்ணி, ஒவ்வொன்றின் கொள்ளளவையும் கூட்டினார் கெப்ளர். வளையத்தை அச்சிலிருந்து வெட்டினால் துண்டின் உள்பக்கம் மெலிந்தும் வெளிப்பக்கம் தடித்தும் இருக்கும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும் என்று காட்டினார். அச்சைவிட்டு விலக விலகத் துண்டு தடிக்கும் என்ற இந்த உண்மை, உருளை வடிவங்களை அளக்கும் உயர் கணிதத்தில் இன்றும் அடிப்படை. 1615-இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார். பின்னாளில் வளர்ந்த நுண்கணிதத்துக்கு அது ஒரு முன்னோடி.

வியாபாரி ஏமாற்றினாரா? இல்லை! ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவம், அதே கோல் அளவுக்கு மிக அதிகம் பிடிக்கும் வடிவத்தை ஒட்டியே இருந்தது. அந்த இடத்தில் வடிவம் சற்று மாறினாலும் கொள்ளளவு அதிகம் மாறாது. நம் கணக்கில் நீளத்தை 60-இலிருந்து 52 ஆக்கினாலும் ஒரு லிட்டர்தான் குறையும். தம் சந்தேகம் பொய்த்ததைக் கெப்ளர் மறைக்கவில்லை. அப்படியே எழுதி வைத்தார்.

அதே 1615-இல் தாயாரைச் சூனியக்காரி என்று பழி கூறினார்கள். 1620-இல் கிழவியைச் சிறையில் அடைத்தார்கள். கெப்ளர் தம் வேலையை விட்டு ஓடிவந்து, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து எழுதினார். 1621-இல் தாயார் விடுதலையானார். வால்வெள்ளி காட்டிய தாய்க்கு மகன் செய்த கைம்மாறு அது.

தமக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்கப் போன வழியில், 1630 நவம்பர் 15-ஆம் நாள் ரேகன்ஸ்பர்க் நகரில் கெப்ளர் காலமானார். போரில் அவர் கல்லறையும் அழிந்துபோச்சு. அவர் கணக்கு அழியவில்லை.

பிள்ளைகளே, பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கேள்வி கேளுங்கள். விடை வரும்வரை அளந்து பாருங்கள். விடை உங்கள் எண்ணத்துக்கு மாறாக வந்தால், அதையும் நேர்மையாக ஏற்றுக்கொள்ளுங்கள்!