கல்கத்தாக் குளத்தில் கண்ட கிருமி

ரொபர்ட் கொக் என்ற பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியதோடு விட்டிருந்தேன். போன மழைக்காலத்தில், பெரகலயில் எங்கள் வீட்டில் தம்பிக்கு வயிற்றோட்டம் வந்த இரவுதான் அவரைத் தேடிப் படிக்க வைத்தது. தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று உம்மம்மா தடுத்தார். உம்மா கேட்கவில்லை, ஜீவனியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். யார் செய்தது சரி?

கொக் 1843 இல் ஜேர்மனியில் பிறந்தார். ஊர் வைத்தியராக இருந்தபோதே வீட்டில் நுணுக்குக்காட்டியை வைத்து ஆராய்ந்து, 1876 இல் ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பானுக்கும், 1882 இல் காசநோய்க்கும் காரணமான பற்றீரியாக்களைக் காட்டினார்.

1883 இல் எகிப்தில் கொலரா பரவியது. அங்கே போட்டியாக வந்த பிரெஞ்சுக் குழுவின் இளைஞர் லூயி துயிலியே அந்நோயிலேயே இறந்தார். அவரது பிரேதப் பெட்டியைச் சுமந்தவர்களில் கொக்கும் ஒருவர். பிறகு கல்கத்தாவுக்குப் போனார். இறந்தவர்களின் குடலில் காற்புள்ளிபோல் வளைந்த கிருமியைக் கண்டார். மக்கள் குளித்து, துணி அலசி, குடித்தும் வந்த ஒரு குளத்திலும் அதே கிருமி இருந்தது. (இத்தாலியரான பசினி 1854 இலேயே இதைக் கண்டிருந்தார்; அன்று அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.) நம் மலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்ததற்கும் கொலராப் பயம் ஒரு காரணம்.

இரத்தத்துக்குள் நுழையாமல் குடலிலேயே தங்கும் கிருமி எப்படி ஆளைக் கொல்கிறது? அது நஞ்சு சுரக்கிறது என்று கொக் ஊகித்தார், நிரூபிக்க முடியவில்லை. அதே கல்கத்தாவில், 1959 இல், சம்புநாத் டே நிரூபித்தார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடலில் விட்டார். குடல் நீரால் வீங்கியது. அந்த நஞ்சு குடற்சுவரிலிருந்து உப்பை வெளியேற்றுகிறது. உப்பின் பின்னால் நீரும் போய்விடுகிறது. ஆனால் சீனியோடு சேர்த்து உப்பை உள்ளே இழுக்கும் வழி கெடுவதில்லை. ஜீவனி புகுவது அந்த வழியால்தான். தம்பிக்கு வந்தது கொலரா அல்ல. ஆனாலும் உம்மா செய்ததே சரி.

கொக் தவறாதவர் அல்லர். 1890 இல் காசநோய்க்கு மருந்தென்று அவர் அறிவித்தது பலிக்கவில்லை. நம்பி வந்த நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். 1905 இல் நோபல் பரிசு பெற்றார். 1910 இல் காலமானார்.

இப்போது பீலித் தண்ணீரைக் கொதிக்க வைப்பது என் வேலை. நன்றாகக் கொதித்ததா என்று தினமும் விசாரிப்பவர் உம்மம்மா.