மட்டன் சாப்பிட்ட மோகன்தாஸ்... ஆட்டுப்பால் குடித்த காந்தி!

ஞாயித்துக்கிழமை மதியம். வீட்டுல மட்டன் குழம்பு கொதிச்சுட்டிருக்கு. அந்த நேரம் பார்த்து உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒருத்தர், ஆடு வெட்டுறது பாவமில்லையானு கேட்டு ஒரு வீடியோவை ஃபார்வர்டு பண்றார். அடுத்த அஞ்சு நிமிஷத்துல குரூப் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. சைவ கோஷ்டியிலிருந்து யாராவது ஒருத்தர் கண்டிப்பா இழுத்துட்டு வர்ற பேரு, காந்தி.

இழுக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கங்க. காந்தி மட்டன் சாப்பிட்டிருக்கார். ஒரு தடவை வாயில வெச்சுட்டு விட்ட கதையில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம், வீட்டுக்குத் தெரியாம. அதுவும் ருசிக்காக இல்லை, நாட்டுக்காக!

1869-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸின் குடும்பம் பரம வைணவக் குடும்பம். அப்பா சமஸ்தான திவான். அம்மா புத்லிபாய், மழைக்கால விரதம் என்று ஆரம்பித்தால் சூரியனைப் பார்க்காமல் சாப்பிட மாட்டார். மேகம் மூடிய நாளில் பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம், அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்க வேண்டுமே என்று. சமணத் துறவிகள் வந்துபோகிற வீடு அது. அங்கே மாமிசம் என்ற பேச்சே கிடையாது.

அந்த வீட்டுப் பையனை அசைவத்துக்கு இழுத்தவர் ஷேக் மேதாப். முதலில் அண்ணனுக்கு நண்பர். நன்றாக ஓடுவார், தாண்டுவார், எவ்வளவு அடித்தாலும் தாங்குவார். மோகன்தாஸுக்கோ இருட்டு என்றாலே நடுக்கம். பேய் வரும், திருடன் வருவான், பாம்பு வரும் என்று விளக்கை அணைக்காமல் தூங்குகிற ஆள். 13 வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பக்கத்தில் படுத்திருக்கும் கஸ்தூர்பாவுக்கு இந்தப் பயமெல்லாம் சுத்தமாகக் கிடையாது என்பது கூடுதல் வெட்கம்.

மேதாப் சொன்ன லாஜிக் சிம்பிள். வெள்ளைக்காரன் கறி சாப்பிடுகிறான், அதனால் பலசாலியாக இருக்கிறான், அதனால் நம்மை ஆளுகிறான். நர்மத் என்ற குஜராத்திக் கவிஞரின் இதே அர்த்தம் வரும் பாட்டு ஒன்று அப்போது பள்ளிப் பையன்களிடம் பிரபலம். புரோட்டீன் பவுடர் விளம்பரத்தை நாம நம்புற மாதிரி மோகன்தாஸ் இதை நம்பினார். இந்தியர்கள் எல்லோரும் கறி சாப்பிட ஆரம்பித்தால் ஆங்கிலேயரை விரட்டிவிடலாம் என்றே நினைத்தார்.

ஆற்றோரம் ஆளில்லாத இடம். ஆட்டுக்கறியும் பேக்கரி ரொட்டியும். கறி தோல் மாதிரி இருந்தது, விழுங்க முடியாமல் குமட்டிப் பாதியில் எழுந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி கண்ணை மூடினாலே வயிற்றுக்குள் ஓர் ஆடு உயிரோடு கத்துகிற மாதிரி இருந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்வார், இது கடமை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு படுப்பார்.

மேதாப் விடவில்லை. தலைமைச் சமையல்காரரைக் கையில் போட்டுக்கொண்டு, மேஜை நாற்காலியெல்லாம் போட்ட அரசு மாளிகை ஒன்றில் விதவிதமாகக் கறி சமைக்க ஏற்பாடு செய்தார். மெள்ள மெள்ள ருசி பழகியது. ஆட்டின் மேல் இருந்த பரிதாபம் போனது. அந்த ஒரு வருடத்தில் மொத்தமே ஐந்தாறு விருந்துகள்தான் இருக்கும். பிரச்னை வந்தது வீட்டில். விருந்து முடிந்து வந்தால் ராத்திரி சாப்பாடு இறங்காது. ஏன் சாப்பிடவில்லை என்று அம்மா கேட்பார். பசியில்லை, ஜீரணமாகவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொய். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அப்பா, அம்மா இருக்கும்வரை கறி வேண்டாம், அதற்குப் பிறகு வெளிப்படையாகவே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்.

கவனிங்க... அவர் நிறுத்தினது ஆட்டுக்காக இல்லை, அம்மாகிட்ட பொய் சொல்ல முடியலங்கிறதுக்காக. கறி நல்லதுங்கிற நம்பிக்கை அப்படியேதான் இருந்துச்சு.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பும்போது அம்மாவுக்கு பயம். பேசார்ஜி சுவாமி என்ற சமணத் துறவி முன்னிலையில் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டைத் திட்டுறவங்க அவரோட லண்டன் மெனுவைப் பார்க்கணும். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். ரொட்டியும் ரெண்டு மூணு துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். நண்பர் ஒருவர், படிப்பறிவில்லாத அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்துக்கு இங்கே என்ன மதிப்பு என்று கேட்டு, பெந்தாம் எழுதிய தத்துவப் புத்தகத்தையே வாசித்துக்காட்டிப் பார்த்தார். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், வாதாட எனக்குத் தெரியாது, ஆனால் சத்தியம் சத்தியம்தான் என்று ஒதுங்கிக்கொண்டார்.

சைவ ஹோட்டல் தேடி தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்த மனிதர், ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். வாசல் கண்ணாடி அலமாரியில் ஹென்றி சால்ட் சைவ உணவுக்காக வாதாடி எழுதிய புத்தகம் விற்பனைக்கு இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு நேரே சாப்பிடப் போனார். லண்டன் வந்ததிலிருந்து வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான். புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தார். அதுவரை சத்தியத்துக்காகக் கறியை ஒதுக்கிக்கொண்டே, மற்ற இந்தியர்கள் எல்லோரும் கறி சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அதன்பிறகு தானே யோசித்து, தானே விரும்பிச் சைவமானார்.

நம்ம ஊர்ல இன்னிக்கும் ஓயாத முட்டை சைவமா, அசைவமா விவாதமும் அவருக்கு வந்தது. முட்டை மாமிசமில்லை என்று சொல்லும் சைவர்கள் லண்டனில் இருந்தார்கள். கொஞ்ச நாள் சாப்பிட்டும் பார்த்தார். பிறகு அவர் போட்ட கணக்கு வேறு. சத்தியம் வாங்கியது அம்மா. அம்மாவின் அகராதியில் முட்டையும் மாமிசம்தான். முடிந்தது விஷயம். 1891-ல் பாரிஸ்டராகி ஊர் திரும்பியபோதுதான் அம்மா இறந்துபோன செய்தியைச் சொன்னார்கள்.

இதுவரைக்கும் எல்லாமே அவருடைய தட்டு, அவருடைய வயிறு. சிக்கல் ஆரம்பித்தது மற்றவர்கள் தட்டில்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஞாயிறுதோறும் அவரைச் சாப்பிடக் கூப்பிடும். ஒருநாள் அந்த வீட்டு ஐந்து வயதுப் பையனிடம், அவன் தட்டில் இருந்த கறியைக் கிண்டல் செய்து, தன் தட்டில் இருந்த ஆப்பிளைப் புகழ்ந்து பேசினார். பையனுக்கு அது பிடித்துப்போய், வீட்டில் கறி வேண்டாம், பழம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டான். அடுத்த வாரம் அம்மாக்காரர் வருத்தத்தோடு பேசினார். காந்திக்கு நிலைமை புரிந்தது. இனி வராமல் இருப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்.

அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் ஒதுங்கிக்கொண்டார், சரி. சொந்தப் பிள்ளை?

1902. பம்பாயில் இரண்டாவது மகன் மணிலாலுக்குக் கடும் டைஃபாய்டு, கூடவே நிமோனியா. ராத்திரியில் பிதற்றல். பையனுக்குப் பத்து வயசு. பார்த்த பார்ஸி டாக்டர், மருந்து பெரிதாக உதவாது, முட்டையும் சிக்கன் சூப்பும் கொடுங்கள் என்றார். சின்னப் பையனிடம் சம்மதம் கேட்க முடியாது, முடிவு தன் தலையில்தான் என்று காந்திக்குத் தெரியும். மறுத்துவிட்டார். பையனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவனும் அப்பா சொல்படியே நடக்கட்டும் என்றான். தொட்டிக் குளியல், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் 104-ஐ விட்டு இறங்கவில்லை. ஊர் என்ன சொல்லும், அண்ணன் என்ன சொல்வார், வேறு டாக்டரைப் பார்க்கலாமா, பிள்ளை மேல் தன் கொள்கையைத் திணிக்க ஒரு அப்பனுக்கு என்ன உரிமை இருக்கிறது... இத்தனை கேள்வியும் அவருக்குள்ளேயே ஓடியிருக்கிறது, அவரே எழுதிவைத்திருக்கிறார். ஈரத்துணியால் பையனைச் சுற்றி, கம்பளியால் மூடி, கஸ்தூர்பாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, ராம நாமத்தைச் சொல்லிக்கொண்டே சௌபாத்தி கடற்கரைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது மணிலாலுக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது. நாற்பது நாள் பாலும் பழச்சாறும்தான்.

பிழைத்தது கடவுள் அருளாலா, தண்ணீர் வைத்தியத்தாலா என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறார். எனக்கு இந்த இடம் எப்பவுமே நெருடும். அந்தப் பையன் பிழைச்சதாலதான் இது கொள்கை உறுதிக் கதையா இருக்கு. பிழைக்கலைன்னா நாம இதை என்ன பேர் சொல்லி அழைச்சிருப்போம்?

கஸ்தூர்பா விஷயத்தில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. டர்பனில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்துகூடக் கொடுக்க முடியாத அளவுக்கு உடம்பு பலவீனம். காந்தி ஜோகன்னஸ்பர்க் போயிருந்தபோது டாக்டர் போன் செய்தார். மாட்டுக்கறிச் சாறு கொடுக்க அனுமதி வேண்டும். நான் அனுமதி தர முடியாது, அவரையே கேளுங்கள், அவர் விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள் என்றார் காந்தி. நோயாளியைக் கேட்டெல்லாம் வைத்தியம் பார்க்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் அன்றைக்கே ரயில் ஏறினார். டர்பன் போனால், போன் பண்ணும்போதே கொடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்கிறார்.

கஸ்தூர்பாவிடம் நடந்த பேச்சைக் காந்தி எடுத்துச் சொன்னார். என்னைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் உனக்கில்லை என்றும், மருந்தாக மாமிசம் எடுத்துக்கொண்ட இந்து நண்பர்களின் கதைகளையும் சொன்னார். கஸ்தூர்பா அசையவில்லை. அதைச் சாப்பிடுவதைவிட உங்கள் கையில் செத்துப்போகிறேன், உடனே என்னை இங்கிருந்து கூட்டிப் போங்கள் என்றார். வெளியே தூறல். எலும்பும் தோலுமாக இருந்தவரை ரிக்‌ஷாவில் ஏற்றி, ரயிலில் கொண்டுபோய், ஃபீனிக்ஸ் பண்ணைக்குத் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் கஸ்தூர்பாதான் கணவருக்குத் தைரியம் சொன்னார். இருட்டுக்குப் பயந்த பையன் கதை ஞாபகம் வருதா?

1910-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பமானது. சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் தங்கும் இடம் அது. தமிழர்கள், தெலுங்கர்கள், குஜராத்திகள், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லோரும் உண்டு. ஒரே சமையலறை. அதில் கறி சமைக்கலாமா? காந்தி எடுத்த முடிவு இன்றைக்கும் பலரால் ஜீரணிக்க முடியாதது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மாட்டுக்கறியே கேட்டாலும் கொடுத்தாக வேண்டும், அதற்காக யாரையும் பண்ணையில் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டார். அதன்பிறகுதான் போய்ப் பேசினார். முஸ்லிம் நண்பர்கள் சைவச் சமையலுக்கு முன்பே சம்மதித்திருந்தார்கள். கணவரும் மகனும் சிறையில் இருந்த கிறிஸ்தவப் பெண்களிடம் நிலைமையைச் சொன்னார், கேட்டால் கறி கிடைக்கும் என்ற உறுதியோடு. அவர்களும் சைவத்துக்குச் சரி என்றார்கள்.

பண்ணையிலேயே 1912-ல் பாலையும் விட்டார். கல்கத்தாவில் கடைசிச் சொட்டுப் பாலையும் கறக்கப் பசுக்களைச் சித்திரவதை செய்வதைப் படித்ததும் ஒரு காரணம். இன்றைக்கு வீகன் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆறு வருடம் தாங்கியது. 1918-ல் சீதபேதி வந்து சாவின் விளிம்புவரை போனார். பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் டாக்டர் தலால். பால் குடிப்பதில்லை என்று விரதம் என்றார் காந்தி. பக்கத்தில் இருந்த கஸ்தூர்பா, நீங்கள் விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடித்தால் என்ன என்று கேட்டார். முட்டை விஷயத்தில் அம்மாவின் அர்த்தத்தை அவ்வளவு கறாராகப் பிடித்த அதே மனிதர், இங்கே வார்த்தையில் இருந்த ஓட்டை வழியாக வெளியே வந்தார். போராட்டத்தில் இறங்கும் ஆசையில் உயிர்மேல் ஆசை வந்துவிட்டது, விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற பொருளில் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஆட்டுப்பாலை விடவில்லை.

1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போனபோது சைவ சங்கம் அவரைப் பேச அழைத்தது. மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஒரு ஷில்லிங் புத்தகத்தை எழுதிய ஹென்றி சால்ட். எப்போதும் சாப்பாட்டைப் பற்றியும் வியாதியைப் பற்றியுமே பேசிக்கொண்டிருக்கும் சைவர்களை அந்தக் கூட்டத்தில் காந்தி செல்லமாகக் கடிந்துகொண்டார். உடம்புக்காகச் சைவமானவர்கள் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடுகிறார்கள், அறத்துக்காக மாறுகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள் என்பது அவர் அனுபவம். அசைவம் சாப்பிடுகிறவர்களிடம் பொறுமை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

1947 ஜூலையில் அந்தப் பொறுமைக்குப் பெரிய சோதனை. சுதந்திரம் வரப்போகிறது, பசுவதையைச் சட்டம் போட்டுத் தடை செய்யுங்கள் என்று கடிதங்களும் தந்திகளும் டெல்லியில் குவிந்தன. பசுவைத் தாயாக நினைத்தவர்தான். ஆனாலும் தன் பிரார்த்தனைக் கூட்டத்தில், இந்தியா இந்துக்களுக்கு மட்டுமான நாடில்லை, தானாக மனம் மாறாதவர் மேல் இதைச் சட்டமாகத் திணிக்க முடியாது என்று பேசினார்.

ஆறு மாதம் கழித்து, 1948 ஜனவரி 30. பிர்லா மாளிகையில் சாயங்காலம் நாலரை மணிக்கு அவருடைய சாப்பாட்டை ஆபா கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் வேகவைத்த காய், கொஞ்சம் பச்சைக் காய், ஆரஞ்சு, ஆட்டுப்பால். பட்டேலுடன் பேசிக்கொண்டே சாப்பிட்டார். பேச்சு நீண்டதில் பிரார்த்தனைக்குக் கிளம்பச் சில நிமிடங்கள் தாமதமாகிவிட்டது.