நெய்வேலி தந்த ஜம்புலிங்க முதலியார்



வகுப்புல கரண்டு போனா 'ஓ'ன்னு கத்துறோம். வந்தாலும் கத்துறோம். அந்தக் கரண்டு எங்கிருந்து வருதுன்னு யாராவது யோசிச்சிருக்கோமா? நமக்குப் பக்கத்துல இருக்கிற நெய்வேலியில் இருந்தும் வருது. அந்த நெய்வேலி உருவாகக் காரணமானவர்களில் முதல் ஆள் டி.எம். ஜம்புலிங்க முதலியார்.

இவர் பெரிய நிலக்கிழார். அப்போது நெய்வேலி, தென் ஆற்காடு மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். 1935-ஆம் ஆண்டு வாக்கில் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார். அந்தப் பக்கம் பூமிக்கடியில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும். துளை போட்டால் மோட்டார் இல்லாமலே பீறிட்டு வரும். ஆனால் அன்று தண்ணீரோடு கறுப்பாக ஏதோ துகள்களும் வந்தன. கிணறு கெட்டுப்போச்சுன்னு மூடிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலேய அரசாங்கத்துக்குத் தெரிவித்தார்.

அதிகாரிகள் வந்தார்கள். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளை போட்டுப் பார்த்தது. கிடைத்தது பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள்தான் இப்படி மாறியிருக்கு. இதில் ஈரம் அதிகம், சூடு குறைவு. தூரத்துக்கு ஏற்றிப் போனால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையம் கட்டினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு முதலமைச்சர் காமராஜர் இந்தத் திட்டத்துக்காக ரொம்பப் பாடுபட்டார். ஜம்புலிங்க முதலியார் தன்னுடைய 620 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962-இல் மின்சாரம் வந்தது. கிணற்றில் கறுப்பு வந்ததிலிருந்து 27 வருஷம்!

இன்னொரு விஷயம். கறுப்பை மேலே கொண்டு வந்த அதே தண்ணீர்தான் சுரங்கத்துக்குப் பெரிய சவால். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் அந்தத் தண்ணீரை இராப்பகலாக இறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். இப்படி இறைத்ததால் சுற்று வட்டாரத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றுபோயின.

முதலியார் தானாக முன்வந்து நிலம் கொடுத்தார். ஆனால் சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் போன ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ! வேலையும் நியாயமான இழப்பீடும் கேட்டு இன்றைக்கும் அவங்க போராடுறாங்க. நம்ம மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் பக்கமும் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கு. அதனால் இது நமக்கும் தெரிய வேண்டிய கதை.

ஜம்புலிங்க முதலியாரை மறக்க வேண்டாம். பெயர் தெரியாமல் நிலத்தை இழந்தவர்களையும் மறக்க வேண்டாம். வகுப்பை விட்டு வெளியே போகும்போது ஃபேன், லைட்டை அணைச்சிட்டுப் போவோம். நம்மால் முடிந்த நன்றி அதுதான்!

– 9-ஆம் வகுப்பு மாணவி