பிரெஞ்சு மொழி காத்த ரெனே லெவெக்

கனடா நாட்டின் க்யூபெக் மாகாணத்தில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு. ஆயினும் அங்கே பெரிய கம்பெனிகளில் மேலதிகாரியின் மொழி நெடுங்காலம் ஆங்கிலமாகவே இருந்தது. அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் தலையாயவர் ரெனே லெவெக்.

1922ஆம் ஆண்டு பிறந்த அவர் வளர்ந்த நியூ கார்லைல் என்னும் சிற்றூரில் செல்வமும் செல்வாக்கும் ஆங்கிலேயர் வசமே இருந்தன. ஆங்கிலத்தில் அவர் வல்லவர்; இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சேனையுடன் செய்தியாளராகவும் சென்றார். தாய்மொழி காப்போர் பிறமொழி அறியாதவர் என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

தொலைக்காட்சியில் புகழ்பெற்று, 1960இல் அமைச்சரானார். அவர் முயற்சியால் 1963இல் தனியார் மின்சாரக் கம்பெனிகள் மாகாணத்துக்கு உடைமையாயின. பின்னர் பொறியாளர்கள் பிரெஞ்சு மொழியிலேயே கணக்கிட்டு மாபெரும் அணைகளைக் கட்டினர். தொழிற்கலைக்கு அம்மொழி உதவாது என்ற பேச்சு அடங்கிற்று. என் மனத்துக்குச் சட்டத்தினும் பெரிய பணி இதுவே.

1976இல் முதன்மந்திரியானார். மறு ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பிரெஞ்சு மொழிச் சாசனம் நிறைவேறிற்று. அதனை வகுத்தவர் மனநோய் மருத்துவரான காமில் லொரேன். குடியேறி வந்தோரின் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பள்ளியிலேயே பயிலவேண்டும் என்றது சாசனம். பிழைப்பின் பொருட்டு வேற்றூர் வந்து, பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று தவித்த நமக்கு அதன் கடுமை விளங்கும். லெவெக்கும் தயங்கினார், தாய்மொழிக்குச் சட்டக்காவல் வேண்டியிருப்பதே இழிவு என்பது அவர் கருத்து. ஆயினும் வந்தோர் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளையே நாடியதைக் கண்டு இசைந்தார்.

1987 நவம்பர் 1ஆம் நாள் அவர் காலமானார். கடைப்பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே என்ற விதியை மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. பள்ளி விதி, சில விலக்குகளுடன், இன்றும் நடப்பிலுள்ளது.