கோணிய விரல்களால் ஒரு லட்சம் கண் ஆபரேஷன்... யார் இந்த டாக்டர் வெங்கடசாமி?

ஊட்டி, குன்னூர் பக்கம் பனி இறங்கிவிட்டால் எஸ்டேட் படிக்கட்டு நல்ல கண் உள்ளவர்களுக்கே சரியாகத் தெரியாது. பரம்பரை விழித்திரை நோய் இருப்பவர்கள் நிலைமை? மாலைக்கண்ணில் தொடங்கி, போகப்போக குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி பார்வை சுருங்கிவிடும். கண்புரை மாதிரி ஆபரேஷனில் சரியாகிற விஷயம் இல்லை இது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கேட்டுவிட்டு வீட்டோடு முடங்கியவர்கள் நிறைய பேர்.

பார்வை திரும்பாது என்றால் அதோடு முடிந்ததா? அப்படி விட்டுவிடாதவர் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி.

1918 அக்டோபர் 1-ல் எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்தவர். பேப்பர், பென்சில் இல்லாத பள்ளிக்கூடம். ஆற்று மணலில்தான் எழுத்துப் பழகினார். உறவுக்காரப் பெண்கள் பிரசவ காலத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவர் ஆக நினைத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லியில் டாக்டர் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பணி.

அங்கேதான் அடி விழுந்தது. கடுமையான முடக்குவாதம். 1948-ல் ராணுவத்தை விட்டு வெளியே வந்தார், படுத்த படுக்கையானார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் கனவு போச்சு.

கண் மருத்துவம் படித்தார். கத்தி பிடிக்கவே முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. தன் கைக்கு ஏற்ற மாதிரி கருவிகளையும் வடிவமைத்துக்கொண்டார். அந்தக் கையால் ஒரே நாளில் 100 ஆபரேஷன் வரை செய்திருக்கிறார்!

1956 முதல் மதுரை அரசு மருத்துவமனையில் பணி. 1960-களில் ஊர் ஊராக கண் முகாம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாதது 1965-ல் நடந்தது. நியூயார்க்கில் பார்வையற்றோர் மறுவாழ்வு மாநாட்டில் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். 12 வயதில் பள்ளி ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர் வில்சன். காமன்வெல்த் நாடுகளுக்கான பார்வையற்றோர் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமே, 1966-ல், பார்வை திரும்பாதவர்களுக்கான மறுவாழ்வு மையம் வெங்கடசாமியின் முயற்சியில் தொடங்கியது.

லோ விஷன் கருவிகளும் கிட்டத்தட்ட அவர் கத்தி பிடித்த கதைதான். மிச்சம் இருக்கும் பார்வைக்குத் தக்கபடி கருவியை மாற்றுவது. கரும்பலகைக்குச் சின்ன டெலஸ்கோப், படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி, கூச்சத்துக்கு நிறக்கண்ணாடி, தடித்த கோடு போட்ட நோட்டு. உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே உருப்பெருக்கி வசதி உண்டு. ஒரு விஷயம்: பார்வை வட்டம் சுருங்கியவருக்கு எழுத்தை ரொம்பப் பெரிதாக்கினால் பாதி வெளியே போய்விடும். அதனால் கடையில் பார்த்து வாங்காமல், பரிசோதித்துத்தான் வாங்கணும்.

58 வயதில் ஓய்வு. 1976-ல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் ஆரம்பம். 1992-ல் குறைந்த விலை லென்ஸுக்காக ஆரோலேப். 1997-ல் கோவையிலும் அரவிந்த் வந்தது. நீலகிரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினால் போதும் என்றானது.

கல்யாணம் செய்துகொள்ளாத வெங்கடசாமி 2006 ஜூலை 7-ல் காலமானார். விழித்திரை நோய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், லோ விஷன் கிளினிக் எங்கே என்று அதே மருத்துவமனையில் கேளுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் பிள்ளைகளின் கண்ணையும் சேர்த்தே காட்டிவிடுங்கள்.