அங்கியும் ஆய்வும்: மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனிநாயகம் அடிகளார்

1966 ஏப்ரல் 16ஆம் நாள் கோலாலம்பூரில் முதல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு தொடங்கியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழ்நாட்டு முதலமைச்சர் பக்தவத்சலம் வந்திருந்தார். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தமிழ் கற்ற வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் வந்து இறங்கினார்கள். தமிழுக்கு உலக மாநாடு என்பதே அதுவரை யாரும் கேள்விப்படாத செய்தி. அதுவும் சென்னையிலோ மதுரையிலோ அல்ல, நம் நாட்டில்.

அந்த எட்டு நாள் மாநாட்டின் பின்னணியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். குரு, தமிழ்ப் பற்றாளர், பேராசிரியர் என மூன்று அடையாளங்களோடு அவர் வேலைக்கு வந்தார். ஒன்றையும் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. ஆனால் எதை எந்த இடத்தில் எந்த அளவுக்குக் காட்டுவது என்பதில் கறாராக இருந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மாநாட்டோடு நிறுத்திவிடுகிறோம். அந்தக் கறார்தான் இன்னும் கவனிக்கத் தக்கது.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பனில் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தார். பிறப்பில் அவருக்குத் தனிநாயகம் என்ற பெயர் இல்லை. வீட்டில் வைத்த பெயர் சேவியர். அதனோடு தந்தை வழி வந்த ஸ்தனிஸ்லாஸ் சேர்ந்திருந்தது. தம் முன்னோர் ஒருவரின் பெயரான தனிநாயகத்தைப் பின்னாளில் அவரே தேடி எடுத்துச் சேர்த்துக்கொண்டார். ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பு, பிறகு கொழும்பில் குருமடம், 1934இல் ரோம். 1938இல் குருப்பட்டம் பெற்றார். ரோமில் அவர் செய்த ஆய்வு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பழைய கார்த்தேஜ் நகரத்துத் திருச்சபையைப் பற்றியது. தமிழுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம் என்று ஐரோப்பிய மொழிகளில் சரளமாக இருந்த அந்த இளங்குரு, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் பள்ளிப் பணிக்கு வந்தார். அங்கேதான் குறை தெரிந்தது. தாய்மொழியில் இலக்கியம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அவருக்குத் தமிழ் வராது. ஆங்கில வழிக் கல்வியும் குருமடமும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தன. துணைத் தலைமையாசிரியர் பொறுப்பில் இருப்பவர் அதை மூடி மறைத்திருக்கலாம். அவர் அங்கிருந்த பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. 1945இல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் அவரைவிடப் பத்து வயது இளையவர்களாக இருந்திருப்பார்கள். சங்க இலக்கியத்தில் இயற்கை எப்படிக் கையாளப்படுகிறது என்பதை ஆராய்ந்து எம்.லிட். பட்டம் வாங்கினார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. காரணம், அந்த மொழிகளை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். தமிழைத் தாமதமாகக் கற்றதில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்றால் அது சிறிய லாபம் இல்லை.

பிறகு நாடு நாடாகப் பயணம். அமெரிக்கா, தென்னமெரிக்கா, ஜப்பான் என்று போன இடமெல்லாம் தமிழைப் பற்றிச் சொற்பொழிவு. அப்போதுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. இந்தியா என்றால் சமஸ்கிருதம் என்றுதான் வெளியுலகம் நினைத்துக்கொண்டிருந்தது. தமிழின் பெருமையைத் தமிழரிடமே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நினைப்பு மாறாது. 1952இல் அவர் தொடங்கிய காலாண்டு ஆய்விதழ் அதனால்தான் ஆங்கிலத்தில் வந்தது. இதில் ஒரு மனக்குறையும் உண்டு. அவருடைய முக்கியமான ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய நம் பெற்றோர் தலைமுறைக்கு அவை எட்டவில்லை. தமிழ்த் தூது, ஒன்றே உலகம் போன்ற தமிழ் நூல்கள் மட்டுமே கைக்கு வந்தன.

அதே 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர் ஆனார். நான்கு ஆண்டு கழித்துச் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசுச் சம்பளம் வாங்கும் விரிவுரையாளர், அதோடு கத்தோலிக்கக் குரு. சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடும் சபை அவருடையது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய காரணங்கள் எல்லாம் இருந்தன. அவர் தமிழரின் மொழியுரிமை பற்றி எழுதினார், பேசினார். ஆனால் எழுதிய விதத்தைப் பார்க்க வேண்டும். பன்மொழி நாடுகள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன, சிறுபான்மை மொழிக்கு எங்கெல்லாம் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று ஆய்வாளராகவே வாதாடினார். இதற்கிடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

1961இல் அவர் கோலாலம்பூருக்கு வந்தார். அவர் வந்து உட்கார்ந்த நாற்காலியின் கதை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அறிந்ததுதான். ஆனாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்ற பரிந்துரை வந்தபோது சமூகம் கொதித்தது. கோ. சாரங்கபாணி தமிழ் எங்கள் உயிர் என்ற நிதியைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பானா என்று தெரியாத நிலையில் கொடுத்த காசு. 1956இல் துறை தொடங்கியது; தமிழுக்கே முதன்மை கிடைத்தது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது.

ஆகவே அந்தத் துறைத் தலைவரிடம் மூன்று பக்கத்திலிருந்தும் எதிர்பார்ப்பு இருந்தது. சமூகம் மேடையில் முழங்கும் தமிழ் வீரரைத் தேடியது. பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது பிற துறைப் பேராசிரியர்கள் முன் தலைநிமிரக்கூடிய ஆய்வாளர். திருச்சபைக்கு அவர் என்றும் ஒரு குரு. இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள சமூகத்தின் மொழித்துறைக்குப் பாதிரியார் தலைவரா என்று சிலர் முணுமுணுக்கவும் அங்கே இடம் இருந்தது.

அடிகளார் தம் குருத்துவத்தை மறைக்கவும் இல்லை, வகுப்பறைக்குள் மதம் பரப்பவும் இல்லை. சைவ, வைணவ, சமண, பௌத்த நூல்கள் அவருடைய ஆய்வில் உரிய இடத்தில் இருந்தன. திருக்குறளைப் பற்றி உலகெங்கும் பேசினார். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் தமிழ் என்று அறியாமலேயே தமிழ்ப் பாசுரங்களை ஓதிவருவதைக் கவனித்து, மாணிக்கவாசகரின் திருவெம்பாவை பாங்காக் வரை போன கதையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் இந்தக் கத்தோலிக்கக் குருவும் ஒருவர்.

குருவாக இருந்தது ஆய்வுக்கு உதவிய இடமும் உண்டு. ஐரோப்பிய நூலகங்களும் வத்திக்கானும் அவருக்கு அந்நியமானவை அல்ல, போர்த்துக்கீசியமும் தெரியும். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மறைக்கல்விச் சிறுநூலை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறிய புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் படியிலிருந்து அப்படியே படி எடுத்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தார். சமயப் பணிக்காக எழுதப்பட்ட நூல்களை அவர் சொல் வரலாற்றுக்கும் அச்சு வரலாற்றுக்கும் சான்றாகவே பயன்படுத்தினார். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். பட்டியல் தயாரிப்பது கைதட்டல் வாங்கும் வேலை இல்லை. ஆனால் ஒரு துறை நிற்க வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டிய வேலை.

மாநாட்டுக்கு வித்து 1964 ஜனவரியில் டில்லியில் விழுந்தது. கீழ்த்திசை ஆய்வாளர்களின் உலகக் காங்கிரஸ் அங்கே கூடியிருந்தது. தமிழும் திராவிட மொழிகளும் அதில் ஓர் ஓரத்தில் கிடந்தன. வ.அய். சுப்பிரமணியத்துடன் சேர்ந்து அடிகளார் அங்கே வந்திருந்த அறிஞர்களை அழைத்துப் பேசினார். அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. தலைவராகப் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா. செயலாளர்களாக அடிகளாரும் செக் நாட்டவரான கமில் சுவலபிலும். தமிழர் அல்லாத ஒருவரைத் தலைவராக வைத்தது பலருக்கு நெருடியிருக்கலாம். தமிழைத் தமிழர் மட்டுமே புகழ்ந்தால் வீட்டுப் பேச்சு. ஃபிலியோசாவும் பர்ரோவும் எமனோவும் ஆராய்ந்தால் உலகம் திரும்பிப் பார்க்கும் என்ற கணக்கு அதில் இருந்தது.

கோலாலம்பூரில் அந்தக் கணக்கு பலித்தது. மாநாட்டின் பெயரிலேயே கருத்தரங்கு என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. மக்களுக்கான விழாவும் வரவேற்பும் இருந்தன. டத்தோக்களும் அமைச்சர்களும் மாலை போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஆய்வரங்குக்குள் கட்டுரை படித்தவர் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தமிழின் தொன்மையைப் பற்றிச் சான்றில்லாமல் பேசினால் மறுப்பு எழும். உணர்ச்சி பொங்க வந்திருந்த சிலருக்கு இது உப்பில்லாத சாப்பாடாக இருந்திருக்கும். படிக்கப்பட்ட கட்டுரைகள் பின்னர் இரண்டு தொகுதிகளாக அச்சாயின.

இரண்டாவது மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில், முதலமைச்சர் அண்ணா காலத்தில் நடந்தது. ஊர்வலம், கடற்கரையில் சிலைகள், லட்சக்கணக்கில் மக்கள். கோலாலம்பூர் ஊன்றிய விதை அங்கே திருவிழாவானது. மூன்றாவது மாநாடு 1970இல் பாரிசில் கூடியது; அது முழுக்க அறிஞர்களுக்கானது.

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகப் பணியை விட்டார். எட்டு ஆண்டுகள்தான் இங்கே இருந்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இந்நாட்டுத் தமிழர்களில் பலர் அவரை இந்த மண்ணின் மனிதராகவே எண்ணியிருந்தார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனார்.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அந்த யாழ்ப்பாணத்தில் நடந்தது. கொழும்பில் நடத்த வேண்டும் என்ற அரசாங்க நெருக்குதலைத் தாண்டி, பேராசிரியர் வித்தியானந்தன் முன்னின்று நடத்தினார். ஜனவரி 10, நிறைவு நாள் மாலை. வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே திரண்டிருந்த கூட்டத்தின் மேல் போலீஸ் பாய்ந்தது. மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். ஆய்வையும் அரசியலையும் தனித்தனியே வைக்க வாழ்நாள் முழுவதும் முயன்றவரின் சொந்த ஊரில், அவர் தொடங்கிய மாநாட்டு வாசலில், அது நடந்தது. இதற்குப் பிறகு அவர் ஆய்வை விட்டுவிட்டு மேடைக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1980இல் தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவுக்கு அழைக்கப்பட்டபோதும் அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமிழாராய்ச்சி இதுவரை என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதுதான்.

அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அவர் காலமானார். வயது 67. நான்கு மாதம் கழித்து ஐந்தாவது மாநாடு மதுரையில் கூடியது. ஆறாவது மாநாடு 1987இல் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது. 2015இல் ஒன்பதாவது மாநாடு அவர் வேலை பார்த்த அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இந்திய ஆய்வியல் துறை இன்றும் அங்கே இயங்குகிறது; தோட்டக் கூலியில் வாங்கிய நூல்களோடு தொடங்கிய அந்தத் துறையில் தோட்டத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.